நரம்புச் சேதமும் உணர்புறணியின் மாறுதலும்

பெருமூளையின் மேற்பரப்பான புறணியில் உடலின் ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒரு க்ஷேத்திரம் உண்டென்பதை, மாண்ட்ரியால் நகரில் வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரேயும், அறுவைச் சிகிச்சையின்போது விழித்திருந்த நோயாளிகளின் புறணியை மின்னோட்டத்தால் தூண்டி, எந்த விரலில், எந்த உதட்டில் உணர்ச்சி தோன்றியது என்று அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு, 1937இல் நிறுவினார்கள். பருவம் முதிர்ந்தபின் இந்த க்ஷேத்திரங்களின் படம் மாறாது என்று வைத்திய சாஸ்திரம் நெடுங்காலம் நம்பியிருந்தது. அந்த நம்பிக்கை குலைந்ததை நாம் பெரிதும் கொண்டாடுகிறோம். ஆயினும் குலைந்தது எது, நிலைத்தது எது என்று பிரித்தறியாமலே, மூளை தன்னை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளும் என்று பேசிவிடுகிறோம்.

1983இல் மைக்கேல் மெர்ஸெனிக், ஜான் காஸ் முதலியோர், வளர்ந்த குரங்குகளில், கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் உட்புறத்திலிருந்து தொடுவுணர்வைக் கொண்டுசெல்லும் மீடியன் நரம்பை அறுத்து, மீண்டும் வளராதபடி கட்டிவிட்டு, புறணியில் நுண்மின்முனையை இடம் இடமாக இறக்கி, தோலின் எப்பகுதியைத் தொட்டால் அங்குள்ள நியூரான்கள் விழிக்கின்றன என்று சோதித்தார்கள். மௌனமாகியிருக்க வேண்டிய பிரதேசத்தில் ஒரு பாகம் உடனேயே புறங்கைத் தோலுக்குப் பதிலளித்தது. எஞ்சியதும் சில வாரங்களில் அண்டைத் தோலின் வசமாயிற்று. உடனே கிடைத்த பதிலுக்குப் புதிய இழை முளைக்க அவகாசம் ஏது? புறங்கையின் இணைப்பு முன்பே அங்கே அடங்கிக் கிடந்தது. அடக்கிவைத்த தடுப்பு தளர்ந்ததும் அது வெளிப்பட்டது என்றே கொள்ளவேண்டும்.

1991இல் டிமோதி பான்ஸ் குழுவினர் கண்டது இதனினும் வியப்பானது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கையின் உணர்வேர்கள் வெட்டப்பட்ட குரங்குகளில், புறணியின் கைப்பகுதி, பத்து மில்லிமீட்டருக்கும் அதிகமான தொலைவுக்கு, முகத்தைத் தொட்டபோது விழித்தது. புறணிக்குள்ளேயே இழைகள் இவ்வளவு தூரம் படர்ந்தனவா? மூளைத்தண்டில் முகத்தின் உட்கருவும் கையின் உட்கருவும் மிக நெருங்கி இருக்கின்றன. தலைமடையில் கரை ஒரு சாண் நகர்ந்தால் கடைமடையில் பல வயல்களின் பாசனம் மாறுவதுபோல, அங்கே நேரும் சிறு நகர்வு புறணியில் பெரிதாகத் தோன்றக்கூடும். மானேசரில் நீரஜ் ஜெயின் குழுவினர் 2014இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பிரத்தியட்ச சான்று. தண்டுவடத்தின் பின்கற்றை சேதமுற்ற குரங்குகளில், புறணியின் இயல்பான முகப்பகுதியை உணர்விழக்கச் செய்தும் கைப்பகுதியில் முகத்தின் பதில் மறையவில்லை. மூளைத்தண்டில் கையின் உட்கருவான கியூனியேட்டை மரக்கச் செய்ததும் அது மறைந்தது. புறணியில் காணப்படும் மாறுதல் யாவும் புறணியிலேயே விளைந்ததென்று கருதுவது, ஆகையால், தகாது.

கைப்பகுதி முகத்துக்குப் பதிலளிப்பதால் அது முகமாகிவிடுகிறதா? சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், கையிழந்தவர்களுள் சிலரின் கன்னத்தைப் பஞ்சு சுற்றிய குச்சியால் வருடியபோது, அவர்கள் கன்னத்திலும், அதே கணத்தில் இல்லாத கையின் விரலிலும் அந்தத் தொடுகையை உணர்ந்தார்கள். அப்பகுதி தன் பழைய அர்த்தத்தை விட்டிருந்தால் விரல் நினைவுக்கு வந்திராது என்பது என் துணிபு. 2025இல் வெளியான ஓர் ஆய்வு, கை துண்டிக்கப்படுவதற்கு முன்னும் பின்னும் அதே மூவரைப் பரிசோதித்து, இல்லாத விரல்களை அசைக்க முயன்றபோது பழைய இடமே பழைய ஒழுங்கில் இயங்கியதையும், உதட்டின் பிரதேசம் அங்கே பரவாததையும் காட்டியது. மயக்கத்திலிருக்கும் விலங்கின் தோலைத் தொட்டு மட்டும் கேட்கும் கேள்விக்கு இந்த உண்மை அகப்படுவதில்லை.

மூளை தன்னை வேண்டியவாறு மாற்றிக்கொள்வதில்லை என்பதற்கு இவற்றினும் வலுவான சான்றாக நான் கருதுவது, நரம்பை நசுக்குவதற்கும் அறுத்துத் தைப்பதற்கும் உள்ள பேதம். நசுங்கிய நரம்பில் உறை கெடாதிருப்பதால், நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் வளரும் இழைகள் தத்தம் பழைய தோலையே சென்றடைகின்றன. புறணியின் படமும் ஏறக்குறைய முன்போல் அமைகிறது. அறுத்துத் தைத்த நரம்பிலோ இழைகள் வழிதவறி வேற்றிடத் தோலில் முடிவதால், படம் துண்டு துண்டாகச் சிதறுகிறது. முதிர்ந்த புறணி அதை முற்றிலும் நேர்செய்வதில்லை. நரம்பு தைத்த நோயாளி, ஒரு நாணயத்தைப் பார்த்தபடி விரலால் தடவியும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவியும் மாதக்கணக்கில் பழகுவது, முறைமாறி வரும் சமிக்ஞைக்குப் பொருள்காணும் பயிற்சியாகும். சிறுவர்கள் இதில் பெரியவர்களை விட விரைவில் தேறுகிறார்கள். ஆயினும் தைக்கும்போதே நுண்ணோக்கியின்கீழ் இழைக்கற்றைகளை இணை பார்த்துப் பொருத்துவதில் அறுவை மருத்துவர் காட்டும் கவனத்துக்கு ஈடாகப் பின்னர் எந்தப் பயிற்சியையும் வைக்க இயலாது.