கொட்டாவியும் சிதம்பரத்து அகராதியும்

வங்கித் தேர்வு, போட்டித் தேர்வு எதுவானாலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, அதே பொருள் தரும் வேறு சொல் எது என்று கேட்பார்கள். 'யான்' என்ற சொல்லை எடுத்துக் கொள்வோம். தமிழில் யான் என்றால் நான். ஆங்கிலத்தில் யான் என்றால் கொட்டாவி!

அந்தச் சொல்லுக்கு வாயைப் பிளத்தல், அலுப்பு, பெரும்பள்ளம் போல் திறந்து கிடத்தல் என்று பல பொருள்கள் உண்டு. 'கேப்' என்பது அதன் உறவுக்காரச் சொல். லத்தீனிலிருந்து வந்த 'ஆஸிடேஷன்' மருத்துவ நூல்களில் இருக்கும். கிரேக்கத்திலிருந்து வந்த 'கேயாஸ்' என்ற சொல்லுக்கும் கொட்டாவிக்கும் வேர் ஒன்றே. வாய் பிளந்த வெறுமை என்பதுதான் அதன் பழைய பொருள், குழப்பம் என்பது பிறகு வந்தது.

சரி, தமிழில் கொட்டாவிக்கு வேறு சொல் என்ன? பெரும்பாலோருக்கு விடை தெரியாது. ஆனால் விடை இருக்கிறது. ஆவித்தல், ஆவலித்தல் இரண்டுமே கொட்டாவி விடுதலைக் குறிக்கும் பழைய சொற்கள். தெலுங்கில் 'ஆவுலிந்த', கன்னடத்தில் 'ஆகளிகே' என்று இதன் உறவுச் சொற்கள் இன்றும் பேச்சில் உள்ளன. மலையாளத்தில் 'கோட்டுவாய்' என்பார்கள், அது நம் கொட்டாவிக்குப் பக்கத்து வீடு. அண்டை வீடுகளில் உயிரோடு இருக்கும் ஆவித்தல் நம் வீட்டில் மட்டும் பேச்சிலிருந்து போய்விட்டது.

போன சொல்லைத் திரும்பத் தேடி எடுப்பது எப்படி? இந்தக் கேள்விக்கான பதிலில் சிதம்பரத்துக்கு ஒரு முக்கிய இடம் உண்டு.

மனப்பாடமே நூலகம்

அகராதி வருவதற்கு முன் தமிழில் இருந்தவை நிகண்டுகள். திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகியவை புகழ் பெற்றவை. எல்லாம் செய்யுள் வடிவம். திவாகரமும் சூடாமணியும் பன்னிரண்டு தொகுதிகள் கொண்டவை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று பொருள் வாரியாகச் சொற்களைத் தொகுத்திருப்பார்கள். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களும் அங்கே ஒன்றாக நிற்கும். திண்ணைப் பள்ளி மாணவர்கள் இவற்றை ஒப்பித்தே வளர்ந்தார்கள்.

இதில் ஒரு சிக்கல். மனப்பாடம் செய்தவனுக்குத்தான் நிகண்டு உதவும். பொருள் தெரியாத ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எந்தத் தொகுதியில் தேடுவது? சூடாமணி நிகண்டை இயற்றிய மண்டல புருடர், ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பதினோராம் தொகுதியை எதுகை முறையில் அடுக்கினார். அதாவது இரண்டாம் எழுத்தைக் கொண்டு தேட வேண்டும். 'ஆவி' என்ற சொல்லென்றால் வகர எதுகைக்குப் போக வேண்டும். செய்யுள் பழகியவருக்கு இது எளிது, மற்றவருக்கு இல்லை.

1594

சிதம்பரம் ரேவண சித்தர் 1594-ஆம் ஆண்டு இயற்றிய நூல் அகராதி நிகண்டு. சொற்களை முதல் எழுத்தைக் கொண்டு அகர வரிசையில் வைத்தார். அகரத்தை ஆதியாக உடையது என்பதால் அகராதி. இன்று நாம் எல்லாச் சொற்பொருள் நூலுக்கும் வழங்கும் பெயர் இந்த நூலின் தலைப்பில் இருப்பதுதான்.

ஆங்கிலத்தில் மட்டுமே சொல்லும் பொருளும் தந்து அகர வரிசையில் வந்த முதல் அகராதி ராபர்ட் காட்ரி என்ற பள்ளி ஆசிரியருடையது. அது வெளியான ஆண்டு 1604. சிதம்பரத்து நூலுக்குப் பத்து ஆண்டுகள் பின்னால்! காட்ரியின் நூல் உரைநடை, அச்சில் வந்தது. ரேவண சித்தருடையது செய்யுள். இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. ஆனாலும் அகர வரிசை என்ற எண்ணம் தமிழுக்கு வெளியிலிருந்துதான் வந்தது என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டை நினைவில் கொள்ள வேண்டும்.

பின் வந்தவர்கள்

அன்தாம் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679-இல் அச்சானது. வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை எழுதினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகள். செய்யுளை விட்டுத் தமிழ்–தமிழ் அகராதி வெளியே வந்தது இதில்தான். 1779-இல் வேப்பேரியில் ஃபாப்ரிசியஸின் தமிழ்–ஆங்கில அகராதி வெளிவந்தது. அவருக்குப் பின் வேப்பேரிப் பணியை ஏற்ற கெரிக்கே, அதற்கு முன் பல ஆண்டுகள் கடலூரில் இருந்தவர். 1862-இல் வின்சுலோ அகராதி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். அதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள்.

சிதம்பரத்தின் தொடர்பு அதோடு முடியவில்லை. சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியர் அ.சிதம்பரநாதன் செட்டியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1956 முதல் 1961 வரை அங்கே பணியாற்றிய தேவநேயப் பாவாணர் 1974-இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநர் ஆனார்.

எது லாபம், எது நட்டம்?

கணக்குப் பார்த்தால் இரண்டும் உண்டு. அகர வரிசை வந்ததால், ஆசிரியர் இல்லாமலே, ஒப்பிக்காமலே, எழுத்துத் தெரிந்த எவரும் ஒரு சொல்லின் பொருளைக் காண முடிந்தது. கல்வி திண்ணையை விட்டு வெளியே வந்ததில் இதற்குப் பங்கு உண்டு. நட்டம் என்னவென்றால், நிகண்டில் உறவினரோடு கூடி நின்ற சொல் அகராதியில் தனியாக நிற்கிறது. கொட்டாவியைத் தேடுபவர் 'கொ'வில் நின்றுவிடுவார். 'ஆ'வில் ஆவித்தல் காத்திருப்பது அவருக்குத் தெரியாது.

தமிழ் லெக்சிகன் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு நான்கு ஈடு மனப்பாடம் செய்யும்போது தமிழ்ச் சொல்லுக்கு ஒன்றாவது தேடிப் பார்க்கலாம். அகராதிக்குள் இருக்கும் சொல் சாகவில்லை, தூங்குகிறது. யாராவது எழுப்பினால் ஒரு கொட்டாவி விட்டு எழுந்து கொள்ளும்!