கடல் நீலத்தின் வரலாறு

வானத்தின் பிரதிபிம்பமே கடலின் நீலம் என்று நம்மில் பலர் இன்றும் எண்ணுகிறோம். ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபுவும் அவ்வாறே கருதினார். அதை மறுத்தவர் திருச்சிராப்பள்ளிச் சீமையிலே பிறந்த சர் சி. வி. ராமன்.

நாம் வாழும் இக்கல்கத்தாவுக்கு 1907-இல் நிதி இலாகா உத்தியோகஸ்தராய் வந்த அவர், காலையிலும் மாலையிலும், காரியாலய நேரம் போக, பௌபஜார் வீதியிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ஆராய்ச்சி செய்தார். (நாளெல்லாம் காகிதக் கட்டுகளோடு போராடி வீடு திரும்பும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.) 1917-இல் அவ்வேலையைத் துறந்து சர்வகலாசாலைப் பேராசிரியரானார். 1921-இல் ஆக்ஸ்போர்டு மகாநாட்டுக்குச் சென்று, 'நார்க்குண்டா' என்னும் கப்பலில் திரும்பினார். கையில் ஒரு சிறு நிக்கல் பட்டகம். நிக்கல் என்பது அதை வகுத்தவர் பெயர், உலோகம் அன்று. நீர்ப்பரப்பில் பட்டு மீளும் வானொளி, தக்க கோணத்தில் நோக்கினால், ஒரே தளத்தில் அதிரும் ஒளியாயிருக்கும். பட்டகத்தைத் திருப்பி அதனை அடியோடு தடுத்துவிடலாம். ராமன் தடுத்துப் பார்த்தார். கடலின் நீலம் மறையவில்லை. முன்னினும் ஆழ்ந்தே தோன்றிற்று. பம்பாய்த் துறைமுகம் சேர்ந்ததும் 'நேச்சர்' பத்திரிகைக்கு எழுதிவிட்டார்.

நீரின் மூலக்கூறுகள் ஒளியலையினும் மிகச் சிறியவை. ஆதலின் குறுகிய அலையான நீலத்தையே மிகுதியாய்ச் சிதறடிக்கின்றன. அலைநீளம் பாதியானால் சிதறல் ஏறக்குறைய 16 மடங்காகும். சிவப்பை நீர் உறிஞ்சிவிடுவதும் இதனோடு சேர்கிறது. அதன் பங்கும் பெரிதே.

அங்ஙனமாயின் நம் ஹூக்ளி ஏன் நீலமாயில்லை? வண்டலே காரணம். ஒளியலைக்கு ஒப்பான, அல்லது அதனினும் பெரிய துகள்கள் நிறத்துக்கு நிறம் அத்துணை வேற்றுமை பாராட்டுவதில்லை. ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே செலுத்துகின்றன. இதற்குக் கணிதம் வகுத்தவர் ஜெர்மானியரான குஸ்தாவ் மீ. நீரில் மிதக்கும் நுண்ணிய பொன் துகள்களின் நிறத்தை விளக்குவதற்காக 1908-இல் அதனை வெளியிட்டார். துகளை உருண்டையாகக் கொண்டு, அதன் பருமனையும் ஒளிவிலகல் எண்ணையும் அறிந்தால், எத்திசையில் எவ்வளவு ஒளி செல்லும் என்று கூறலாம். ஆனால் கூட்ட வேண்டிய தொடரோ மிக நீண்டது. கணிப்பொறி வந்த பின்னரே அது எளிதாயிற்று.

கடலில் வாழும் நுண்பாசிகள் உருண்டையாகவா இருக்கின்றன? சில பெட்டி போன்றவை, சில சங்கிலியாய்க் கோத்தவை, சில சுண்ணாம்புத் தகடுகளைப் போர்த்தவை. பின்னோக்கிச் சிதறும் சிற்றளவு ஒளியைக் கணிப்பதிலேதான் மீயின் உருண்டைக் கணக்கு பெரிதும் பிழைபடுகிறது. 1999-இல் இந்தியா ஏவிய ஓஷன்சாட்-1 செயற்கைக்கோள் கடலினின்று அளந்ததோ அவ்வாறு மேல்நோக்கித் திரும்பும் ஒளியைத்தான். பாசி செறிந்த இடத்தில் மீன் கூடும்; அவ்விடத்தை மீனவருக்கு முன்கூட்டியே உரைப்பதற்கு இத்தகைய அளவைகள் பயன்படுகின்றன. எனவே துகளின் உருவத்தை உள்ளவாறே கொண்டு கணக்கிடும் முறைகளை விஞ்ஞானிகள் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.