வட்டுக்கோட்டை: தீர்மானத்துக்கு முந்திய சுவர்கள்

வட்டுக்கோட்டை எண்டு சொன்னால் எங்கட தலைமுறைக்கு உடனே ஞாபகம் வாறது 1976 மே 14 தீர்மானம்தான். அதுகூட நிறைவேறினது பக்கத்தில் இருக்கிற பண்ணாகத்தில். வட்டுக்கோட்டைக்குள் நிக்கிற பழைய கட்டடங்களின் கதை அதைவிட நீளமானது. அதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கேல்லை.

பெரிய தேவாலயத்தில் தொடங்குவம். இது போர்த்துக்கேயர் கத்தோலிக்க ஆலயம் எழுப்பின இடம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அதைத் தங்கட புரட்டஸ்தாந்து சபைக்கு எடுத்து, 1678இல் திருத்திக் கட்டினார்கள். 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் அதைப் பொறுப்பெடுத்தபோது கூரை இல்லை, தடித்த சுவர்கள்தான் மிச்சம். திரும்பக் கூரை போட்டவர்கள் அவர்கள்தான். இண்டைக்கு அது தென்னிந்தியத் திருச்சபையின் யாழ் ஆதீனப் பேராலயம்.

அதே வளவில் 1823இல் டானியல் பூவரை அதிபராகக் கொண்டு வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கினது. நோக்கம் மதமாற்றம், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஆங்கிலம், கணிதம், வானியலோட தமிழும் அங்க படிப்பிக்கப்பட்டது. அங்க படிச்ச சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். சைவராக வாழ்ந்த தாமோதரம்பிள்ளை, 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். மதம் பரப்பக் கட்டின வகுப்பறை சங்க இலக்கியத்துக்கு உதவினது இப்பிடித்தான்.

1855இல் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் படிச்சவை ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகினம் எண்டது மிஷனின் மனக்குறை. ஆனால் எங்கட ஆக்கள் விடேல்லை. உயர்கல்வி வேணும் எண்டு கேட்டுக்கொண்டே இருந்தினம். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது.

இதையெல்லாம் ‘வெள்ளைக்காரன் கட்டினது’ எண்டு கடந்து போறது லேசு. கல் சுமந்ததும் சுண்ணாம்பு குழைச்சதும் ஊரவை. உள்ளுக்க இருந்து படிச்சதும் ஊரவை. அந்தச் சுவர்களில் எங்களுக்கும் பங்கு இருக்கு.

பங்கு எண்டால் பொறுப்பும்தான். பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல சீமெந்து பூசினால் ஈரம் உள்ளுக்க அடைபட்டு, சுவர் மெல்ல மெல்ல உதிரும். ‘வடிவாக்கிறம்’ எண்டு செய்யிற வேலையே அழிச்சுப்போடும். உங்கட ஊரிலும் இப்பிடி ஒரு பழைய மடமோ, வீடோ, பள்ளிக்கூடமோ இருக்கும். திருத்த வேலை தொடங்க முதல் ஒருக்காப் போய்ப் பாருங்கோ. படம் எடுத்து வையுங்கோ. அம்மம்மாவிட்ட அதின்ர கதையைக் கேட்டு எழுதுங்கோ.