பீர்ப் பணத்தில் ஒரு பூங்கா

தாம்பரத்தில் காலைநடை போகும் நண்பர்களுக்கு ஒரு பழைய சங்கதி. அயர்லாந்தின் டப்ளின் நகரில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் என்ற 22 ஏக்கர் பூங்கா இருக்கிறது. 1814 முதல் அதற்குப் பூட்டு. சுற்றிக் குடியிருந்தவர்களுக்கு மட்டுமே சாவி. அதற்கும் ஆண்டுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். மற்றவர்களுக்குக் கம்பிவேலிதான்.

கின்னஸ் பீர் குடும்பத்தைச் சேர்ந்த சர் ஆர்தர் எட்வர்ட் கின்னஸின் முயற்சியால் 1877-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஏரியும் பூப்பாத்திகளும் அவர் செலவு. பராமரிப்பு அரசின் பொறுப்பு. 1880 ஜூலை 27 அன்று பூங்கா எல்லோருக்கும் திறந்தது.

குடியில் வந்த காசுதானே என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு அந்தச் சட்டம்தான் பெரிதாகப் படுகிறது. ஏரி வெட்டப் பணம் போதும்; வாசல் மறுபடி பூட்டப்படாமலிருக்க அது போதாது.