இலக்கும் பங்கீடும்: கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் துணிக் கொள்முதல்

ஒரு நிறுவனம் தன் ஆண்டு இலக்கை வகுத்துக் கீழுள்ளோர்க்குப் பங்கிட்டளிக்கும் முறை, 1954இல் பீட்டர் டிரக்கர் வெளியிட்ட மேலாண்மை நூலோடு தொடங்கியதாகவே பலரும் எழுதுவர். தமிழ் மக்கள் 'கும்பினி' என வழங்கிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, சென்னைத் துணிக் கொள்முதலில் இம்முறையைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே கையாண்டது. அங்கு இலக்குப் பங்கிடப்பட்டது. பகிரப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. சுமையைக் கூறிடுதல் பங்கிடுதல். அச்சுமை எதனால், எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதையும் உடன் அறிவித்தல் பகிர்தல் என இங்குக் கொள்ளப்படும்.

இலண்டன் இயக்குநர் அவை ஆண்டுதோறும் ஒரு பட்டியல் அனுப்பியது. எவ்வகைத் துணி, எத்தனை உருப்படி, எவ்வளவு நீள அகலம் என்பன அதில் குறிக்கப்பெற்றன. இக்கொள்முதலையே கம்பெனி ஆவணங்கள் 'இன்வெஸ்ட்மெண்ட்' என்கின்றன. இதனை இன்றைய பொருளில் 'முதலீடு' எனப் பெயர்த்துவிடுவதால் விளையும் குழப்பம் சிறிதன்று. பட்டியல் எழுதப்பெற்ற நாள்முதல் துணி இலண்டன் ஏலக்கூடத்தை அடைய ஓராண்டுக்கும் மேலாகும். அதற்குள் சந்தை மாறுவதுண்டு. ஆயினும் எண் மாறாது.

புனித ஜார்ஜ் கோட்டையில் இவ்வெண்ணை ஏற்றவர் வணிகர். 1680இல் மறைந்த காசி வீரண்ணா இவர்களுள் முதன்மையானவர். வணிகர் முன்பணம் பெற்று, குறித்த நாளில் துணி ஒப்படைக்க உடன்படுவர்; அப்பணத்தை இடைத்தரகர்வழி நெசவூர்களுக்கு அனுப்புவர். வந்த துணியை மாதிரித் துணியோடு ஒப்பிட்டுக் கோட்டையில் தரம் பிரித்தனர். தரம் குறையின் விலை குறையும். மிகக் குறைந்தது திருப்பி அனுப்பப்படும். தரத்தை அளக்கும் அதிகாரம் வாங்குவோரிடமே இருந்தது என்பது இவண் கருதத்தக்கது. நெசவாளரை அருகிலேயே குடியமர்த்தும் முயற்சிகளும் நடந்தன. ஆளுநர் ஜோசப் காலெட் காலத்துக் காலடிப்பேட்டையும் 1734இல் அமைந்த சிந்தாதிரிப்பேட்டையும் அவ்வாறு எழுந்தவை.

நெசவாளர்க்கு இம்முறையில் ஒரு தற்காப்பு இருந்தது. பெற்ற முன்பணத்தைத் திருப்பித் தந்து உடன்பாட்டினின்று விலகலாம். நூல் விலை ஏறினாலோ, வேறொருவர் கூடுதல் விலை தந்தாலோ இவ்வுரிமை உதவியது. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், உள்நாட்டு வணிகர் எனப் பலர் போட்டியிட்ட கரையில் அதன் பயன் பெரிது. ஒப்பாத இலக்கை மறுக்கும் வழி இதுவொன்றே.

அரசியல் அதிகாரம் கைவந்தபின் கம்பெனி இவ்வழியை அடைத்தது. 1765இல் வங்காளத்தின் திவானி உரிமை கிடைத்ததும் வரிப்பணமே கொள்முதற் பணமாயிற்று. வணிகரை ஒதுக்கிக் குமாஸ்தாக்கள்வழி நெசவாளரை நேரடியாகப் பிணிக்கும் முறை வங்காளத்திலும் தென்னகத்திலும் பரவியது. குமாஸ்தாக்கள் வங்காள நெசவாளரிடம் முச்சலிக்கை எழுதி வாங்கியதையும், அவர்கள் அடிபட்டதையும் வில்லியம் போல்ட்ஸ் 1772இல் பதிவுசெய்தார். அவர் கம்பெனியோடு பகைத்து வெளியேறியவர் என்பதை நினைவிற்கொண்டே அந்நூலைப் பயிலவேண்டும். எனினும், கம்பெனிப் பணி முடியுமுன் பிறர்க்கு நெய்யலாகாது என்ற தடை கம்பெனியின் விதிகளிலேயே உள்ளது. தறியைவிட்டு ஊர்பெயர்தலே நெசவாளர்க்கு எஞ்சியது.

இச்சங்கிலியின் நடுக்கண்ணியைத் தமிழிலேயே காட்டும் அரிய சான்று, புதுச்சேரிப் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பு. ஆளுநரின் வற்புறுத்தலையும் வணிகரின் தயக்கத்தையும் இருபக்கமும் நின்று கண்டவர் அவர். இதனை அரசியல் வரலாற்றுக்கே பெரிதும் பயன்படுத்தியுள்ளோம். அதன் வணிகச் சொல்லாட்சி தனியே தொகுக்கப்படவேண்டும். தறியில் அமர்ந்தவரின் குரலோ, அவர்கள் அளித்த முறையீடுகளை எழுத்தர் ஆங்கிலத்தில் பெயர்த்த அளவிலேயே ஆவணங்களில் கிடைக்கிறது.