உப்புத்தாள் புராணம்

போன ஞாயிற்றுக்கிழமை அதிசயமா ஆணி ஏதும் இல்லை. ஊரிலிருந்து வந்த தாத்தாவோட தேக்கு மேசைக்கு வார்னிஷ் அடிக்கலாம்னு உட்கார்ந்தேன். பழைய வார்னிஷ் மேலேயே 220 நம்பர் உப்புத்தாளைப் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்ததில், தாள் அடைத்துக்கொண்டதுதான் மிச்சம். பக்கத்து வீட்டில் கதவு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆசாரி எட்டிப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, முதல்ல 80 போடுங்க, அப்புறம் 120, கடைசியிலதான் இது. நாரோட்டத்தோட தேய்க்கணும். குறுக்க இழுத்தா கோடு விழும்."

நாலு வருஷம் எஞ்சினியரிங் படிச்சவனுக்கு இது தெரியலை :-) நம்பர் ஏற ஏற நைசு. துகளைச் சலிக்கிற சல்லடையில் அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்பதிலிருந்து வந்த கணக்கு அது.

கைவலியோடு இதன் பூர்வீகத்தைத் தேடினேன். 13-ம் நூற்றாண்டுச் சீனாவிலேயே நொறுக்கிய சிப்பி, விதை, மணல் எல்லாம் பிசின் வைத்துத் தோல்தாளில் ஒட்டியிருக்கிறார்கள். சுறாத்தோலும் இதற்குப் பயன்பட்டிருக்கிறது. 1833-ல் லண்டனில் ஜான் ஓக்கி கண்ணாடித் தூள் ஒட்டிய தாளைப் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்தார். அடுத்த வருஷமே அமெரிக்காவில் ஐசக் ஃபிஷர் காப்புரிமை வாங்கினார். இதெல்லாம் சரி, என்னைப் பிடித்து உட்கார வைத்தது த்ரீ எம் கம்பெனி கதைதான்.

1902-ல் மின்னசோட்டாவில் ஐந்து பேர் சேர்ந்து, குருந்தக்கல் கிடைத்துவிட்டதென்று நம்பிச் சுரங்கம் தொடங்குகிறார்கள். தோண்டினால் வந்தது அனார்த்தோசைட் என்கிற வேறு கல். தேய்ப்புக்கு லாயக்கில்லை. கல்தான் இல்லை, தாளாவது செய்வோம்னு 1905-ல் டுலூத் நகருக்குப் போய் வெளியிலிருந்து கல் வாங்கி ஓட்டுகிறார்கள். அதிலும் சனி விடவில்லை. 1914-ல் ஸ்பெயினிலிருந்து வந்த கார்னெட் கல்மீது, கப்பலில் கூட வந்த ஆலிவ் எண்ணெய் கொட்டிவிட்டது. எண்ணெய் பட்ட கல்லில் பசை ஒட்டுமா? வாங்கினவர்கள் கையில் கல் உதிர்ந்து, வெறும் தாள்தான் மிஞ்சியது. புகார் வந்த பிறகுதான் காரணமே தெரிந்தது. 1916-ல் சரக்கைச் சோதிக்க ஒரு சின்ன ஆய்வகம் வைத்தார்கள். டெஸ்டிங் டீம் எப்போதுமே ப்ரொடக்‌ஷனில் அடி வாங்கின பிறகுதான் வரும் போல!

அந்தக் காலத்துத் தாளில் பசை என்பது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரம். தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். அதனால் கார் தொழிற்சாலையில் ஈயம் கலந்த பெயின்ட்டைக் காய்ந்த தாளால்தான் தேய்க்க வேண்டும். பறக்கிற தூசு நேராகத் தொழிலாளியின் நுரையீரலுக்கு. பிலடெல்பியாவில் மை தயாரித்துவந்த ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவர், எல்லா நம்பரிலும் கல் மாதிரி அனுப்புங்கள் என்று த்ரீ எம்முக்குக் கடிதம் போட்டார். மை வியாபாரிக்கு இது எதற்கு என்று மெக்நைட் என்கிற அதிகாரி தோண்டித் துருவ, தண்ணீரில் கரையாத உப்புத்தாள் வெளியே வந்தது. உரிமையை வாங்கி, ஓக்கியையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டு, 1921-ல் 'வெட்-ஆர்-ட்ரை' என்று விற்பனைக்கு விட்டார்கள். தண்ணீர் தூசைக் கழுவிக்கொண்டே போகும், தாளும் அடைக்காது. பட்டி பார்க்கிற நம்ம ஊர் பெயின்டர்கள் வாட்டர் பேப்பர்னு கேட்டு வாங்குவது இந்த ஜாதிதான்.

இந்தத் தாளைச் சோதிக்கப் பட்டறைக்குக் கொண்டுபோன ரிச்சர்ட் ட்ரூ என்கிற இளைஞர், இரட்டை வண்ணக் கார் அடிக்கும்போது ஒட்டின டேப்போடு பெயின்ட்டும் உரிந்து வருவதைப் பார்த்துத்தான் 1925-ல் மாஸ்கிங் டேப் கண்டுபிடித்தார். அது தனிப் பதிவு போடுகிற கதை.

மேசை இப்போ 120-ல் நிற்கிறது. வலது மூலையில் அப்பா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காம்பஸால் கீறின பெயர் இருக்கு. 80 போட்டால் பத்து நிமிஷத்தில் போய்விடும். அந்த மூலையை மட்டும் இன்னும் தொடவில்லை. அப்பாகிட்ட கேட்டதுக்கு, "அடிச்சுடுடா, தாத்தா அதுக்கு உதைச்ச உதை எனக்குத்தான் தெரியும்"கிறார்.