முத்திரைத்தாளில் ஒரு தச்சுப் பயிலாளன்

கல்லூரி வாயிலை மிதியாதவனுக்கு மதிப்பான ஊதியம் கிட்டுமா என்னும் கேள்வி, தேர்வு முடிவுகள் வெளிவரும் காலத்தில் நம் பங்குகளில் ஆண்டுதோறும் எழுகின்றது. "ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள், பிழைத்துக்கொள்வாய்" என்று எளிதாக மறுமொழி கூறிவிடுகிறோம். கைத்தொழிலை நாடிச் சென்றவர் அனைவரும் பிழைத்துக்கொண்டனரோ? பட்டறையில் பத்தாண்டு கழித்தும் எடுபிடியாகவே நின்றுவிட்டவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அதே தொழிலைக் கற்று வீடு கட்டிப் பிள்ளைகளைக் கரையேற்றியவர்களும் உண்டு. இவ்விருவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு திறமையில் மட்டும் இல்லை என்பதற்கு 1852-ஆம் ஆண்டில் தூரின் நகரில் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம் சான்று பகர்கின்றது.

தூரின் அந்நாளில் சார்தீனிய அரசின் தலைநகர். கட்டடங்கள் பெருகிவந்த அந்நகரை நோக்கி மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்து சிறுவர்கள் கொத்துவேலைக்கும் புகைபோக்கி துடைக்கும் வேலைக்கும் வந்துகொண்டிருந்தனர். பழைய தொழிற்குழுக்களை 1844-இல் அரசு கலைத்துவிட்டது. அக்குழுக்களிடம் குறைகள் பல இருந்தன என்பது உண்மையே. ஆயினும் பயிலுங் காலம் இவ்வளவு, ஆசான் கற்பிக்கக் கடமைப்பட்டது இவ்வளவு என்னும் வரம்பேனும் அவற்றால் இருந்தது. வரம்பு போனபின் சிறுவனுக்கும் பட்டறை முதலாளிக்கும் நடுவே வாய்ச்சொல் ஒன்றே எஞ்சியது. வாய்ச்சொல் யாருக்குச் சாதகமாகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

தொன் போஸ்கோ இச்சிறுவர்களை முதலில் சந்தித்தது பட்டறையில் அன்று, திருக்கோவிலின் ஆடையறையில். 1841 டிசம்பர் 8, அன்னையின் அமலோற்பவத் திருநாள். பர்த்தலோமேயு கரேல்லி என்னும் பதினாறு வயதுக் கொத்துவேலைச் சிறுவன் அங்கே வந்து நின்றான். தாய் தந்தையர் இல்லை, எழுதப் படிக்கவும் தெரியாது. அவனுக்கு மறைக்கல்வி புகட்டியதிலிருந்தே வால்தோக்கோவின் பெரும்பணி தொடங்கியதென்று நாம் மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு நடந்ததை அத்துணை கேட்பதில்லை. அவர் வாரநாள்களில் சாரங்களுக்கும் பட்டறைகளுக்கும் நேரே சென்று, தம் பிள்ளைகள் எங்கே, எப்படி வேலை செய்கின்றனர் என்று பார்த்துவந்தார். பார்த்தவற்றின் விளைவே அந்த ஒப்பந்தங்கள்.

அவற்றுள் ஒன்று 1852 பெப்ரவரி 8 எனத் தேதியிட்டது. 40 சென்டேசிமி மதிப்புள்ள முத்திரைத்தாளில் எழுதப்பட்டது. ஒரு தச்சு ஆசான், ஒரு பயிலாளன், அவனுடைய தந்தை, தொன் போஸ்கோ ஆகியோர் அதன் தரப்பினர். ஈராண்டுக்குள் தச்சுத்தொழிலை முழுமையாகக் கற்பிக்க ஆசான் கடமைப்பட்டார். சிறுவனைத் தொழிலுக்கு அடுத்த வேலைகளில் மட்டுமே ஈடுபடுத்தலாம். அவையும் அவன் வலிமைக்கு மேற்பட்டவையாக இருத்தலாகாது. தவறு செய்தால் சொல்லால் திருத்தலாம், கையால் அன்று. திருநாள்கள் அனைத்தும் அவனுக்கு விடுமுறை. அவற்றின்றி ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஓய்வும் உண்டு. சிறுவன் பக்கமும் கடமைகள் இருந்தன: பணிவோடும் கவனத்தோடும் கற்க வேண்டும்.

"தொழிலுக்கு அடுத்த வேலைகளில் மட்டுமே" என்னும் விதியை நம்மூர்ப் பட்டறைகளை அறிந்தவர் ஒருகணம் நின்று படிப்பர். தேநீர் வாங்கி வருவதிலும் முதலாளி வீட்டுக்குக் காய்கறி சுமப்பதிலும் கழியும் முதலாண்டை, அவ்விதி மரத்துக்கும் உளிக்கும் உரியதாக மீட்டுக் கொடுத்தது.

ஊதியப் பகுதி இதனினும் நுட்பமானது. முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்கு 30 சென்டேசிமி. அடுத்த ஆறு மாதங்களில் 40. 1853 சனவரி முதல் 60. நூறு சென்டேசிமி சேர்ந்தது ஒரு லீரா என்பதால் இது பெருந்தொகை அன்று. ஆனால் ஓராண்டுக்குள் கூலி இருமடங்காகின்றது. கை தேறத் தேறக் கூலியும் ஏற வேண்டும், அந்த ஏற்றம் முதலாளியின் மனநிலையைப் பொறுத்திராமல் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-இல் நீதியான ஊதியம் பற்றித் திருமடல் வரைவதற்கு 39 ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு தச்சுப் பட்டறையின் அளவில் அது எண்களாக எழுதப்பட்டுவிட்டது.

ஒப்பந்தத்தோடு எண்ணறிவும் சேர்ந்தது. சார்தீனிய அரசு 1850 முதல் மெட்ரிக் அளவைகளைக் கட்டாயமாக்கியது. புதிய அளவை அறியாத தொழிலாளியை அளவிலும் கணக்கிலும் ஏய்ப்பது எளிது. 1849-லேயே தொன் போஸ்கோ அதனை விளக்கி ஒரு சிறுநூல் வெளியிட்டார். மாலைப் பள்ளியில் அதைக் கற்பித்தார். புனிதர் வரலாறுகளில் இந்நூல் ஓரிரு வரிகளில் கடந்துபோகின்றது; என் மதிப்பில் அவருடைய அருஞ்செயல்களுள் ஒன்றாக வைத்து எண்ணத்தக்கது.

நகரப் பட்டறைகளின் சூழல் இளைஞர்க்கு ஏற்றதாயில்லை என்று கண்டு, 1853 முதல் தம் இல்லத்திலேயே தொழிற்கூடங்களைத் திறந்தார். செருப்புத் தைத்தலும் தையலும் முதலில் வந்தன. பின்னர் நூற்கட்டு, தச்சு, அச்சு, இரும்பு வேலை. 1884-இல் தூரினில் நடந்த பொருட்காட்சியில் காகிதம் செய்வது முதல் நூல் கட்டுவது வரை அனைத்தையும் அவருடைய பிள்ளைகள் மக்கள்முன் செய்து காட்டினர். நடுவர்கள் வெள்ளிப் பதக்கம் அளிக்க, அத்தீர்ப்பை ஏற்காமல் அவர் மறுப்பு எழுதினார். தம் பிள்ளைகளின் கைவண்ணத்தைக் குறைத்து மதிப்பிட ஒப்பாத தந்தையின் பிடிவாதம் அது.

அவருடைய சபையினர் 1906 சனவரியில் தஞ்சைக்கு வந்தனர். நம் மறைமாவட்டங்களில் துறவியர் நடத்திய தொழிற்பள்ளிகளின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. இங்கே நோக்க வேண்டியது, ஒப்பந்தம் என்னும் கருத்து நம் நாட்டுச் சட்டத்தில் எப்போது இடம்பெற்றது என்பதே. 1950-இல் நடுவண் அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்க, ஐ.டி.ஐ. என்று மக்கள் அழைக்கும் நிலையங்கள் பெருகின. 1961-ஆம் ஆண்டுப் பயிலாளர் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும், அதைப் பதிவு செய்வதையும், உதவித்தொகையையும் கட்டாயமாக்கியது. பயிலாளன் வயது நிரம்பாதவனாயின் காப்பாளர் கையொப்பமிட வேண்டும் என்றது. தூரின் முத்திரைத்தாளின் சாயலை இதில் காணாமல் இருக்க முடியாது.

இத்தகைய ஒழுங்கின் பயனைத் திருச்சிராப்பள்ளியில் கண்ணாரக் காணலாம். அங்கே பெல் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1960-களில் எழுந்தது. உயரழுத்தக் குழாய்களைப் பற்றவைக்கும் வெல்டர் தேர்வு எழுதித் தகுதிச் சான்று பெற வேண்டும். அவர் வைத்த பற்றை ஊடுகதிர்ப் படம் எடுத்துச் சோதிப்பர். பட்டம் கேட்கப்படவில்லை, பற்று குறையின்றி இருக்கிறதா என்பதே கேட்கப்பட்டது. அச்சான்றுடையவரைக் குறைந்த கூலி பேசி வளைத்துப்போடுவது எளிதன்று.

ஆயினும் 1961 சட்டத்தில் ஒரு விதி இருந்தது. பயிற்சி முடித்தவனுக்கு வேலை தருவது முதலாளியின் கடமையன்று என அது வெளிப்படையாகக் கூறியது. தம்மிடம் பயின்றவரைப் பணியமர்த்துவது குறித்து ஒவ்வொரு முதலாளியும் தமக்கெனக் கொள்கை வகுத்துக்கொள்ள வேண்டும் என 2014-இல் திருத்தம் வந்தது. கொள்கை என்ன கூற வேண்டும் என்பதை வகுப்பவர் கையிலேயே அத்திருத்தம் விட்டுவிட்டது.